கடைசியாகத் தொட்ட கை

சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன், மறுபடி ஒரு ‘டக்’. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, ஒன்றுமே நடக்காததுபோல என்ஜின் ஓட ஆரம்பித்தது.

வண்டிக்கு வயது 17. நாலு சிலிண்டர், 1.1 லிட்டர் பெட்ரோல் என்ஜின், கையால் சுற்றி இறக்குகிற கண்ணாடி. எனக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டிவிட்டுக் கைமாற்றியது. இப்படிப்பட்ட வண்டி காலையில் மக்கர் செய்தால், பார்க்கிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பேட்டரி போயிருக்கும். நானும் புது பேட்டரி போட்டேன். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது, மூன்றாம் நாள் ‘டக்’. சரி, ஸ்டார்ட்டர் மோட்டாராக இருக்கும் என்று அதைக் கழற்றிக் கார்பன் பிரஷ் மாற்றினேன். ஒரு வாரம் போனது. மறுபடி ‘டக்’. இதற்கு நடுவே ஆக்ஸிலரேட்டர் பெடல் வேறு கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்தது. கேபிளில் எண்ணெய் விட்டுவிட்டு அதை மறந்துபோனேன். அது தனிக் கதை என்று நினைத்ததுதான் தப்பு.

உருப்படியாக யோசித்தது ஒரு ராத்திரியில், அதுவும் தற்செயலாக. ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கும்போது சாவியைத் திருப்பிவிட்டேன். ‘டக்’ என்றது. எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சம் இம்மியும் மங்கவில்லை. பேட்டரியில் சரக்கு இல்லையென்றால் அந்த வெளிச்சம் செத்துப்போயிருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் உள்ளே சிக்கியிருந்தாலும் மங்கித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வெளிச்சம் அப்படியே நிற்கிறது என்றால் தேவையான கரண்ட் ஸ்டார்ட்டருக்குப் போகவே இல்லை. பேட்டரியில் இருக்கிறது, போகிற வழியிலோ திரும்பி வருகிற வழியிலோ எங்கோ அடைப்பு.

மறுநாள் மல்டிமீட்டரை எடுத்தேன். எல்லோரும் அளப்பது பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவேதான். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, என்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நன்றாக வேலை செய்கிறது. இதெல்லாம் என் வண்டியில் சரியாகவே இருந்தது. நான் இந்தத் தடவை மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் மேலும், இன்னொன்றை என்ஜினின் வெற்று உலோகத்தின் மேலும் வைத்துக்கொண்டு, மனைவியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். இரண்டும் கம்பியாலும் உலோகத்தாலும் இணைந்தவை, அதனால் நடுவே வோல்டேஜ் கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். எனக்கு 4.3 காட்டியது.

“இன்னொரு தடவை திருப்பு.”

“எத்தனை தடவைங்க? கார் ஓடணுமா, மீட்டர் ஓடணுமா?”

பேட்டரிக்கு பேட்டரி கொடுக்க வைத்திருக்கும் ஜம்பர் கேபிளில் ஒன்றை எடுத்து, ஒரு நுனியை பேட்டரி மைனஸிலும் மறு நுனியை என்ஜினைத் தூக்கும் கொக்கியிலும் மாட்டினேன். அரைத் திருப்பலில் செல்ஃப் எடுத்தது. இரண்டு மாதமாக அந்த மாதிரி அது எடுத்ததே இல்லை.

அப்புறம் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தேன். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகிற பின்னல் எர்த் பட்டை, அதாவது கரண்ட் திரும்பி வருகிற வழி, பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. போல்ட்டில் ஸ்பேனரை வைத்ததும் விரலால் திருகுவதுபோல் சுழன்றது. அடியில் துருவும், வெண்ணீறு பூசியதுபோன்ற படிவும். நாலு மாதத்துக்கு முன்னால் கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கியிருந்தார்கள். திரும்ப ஏற்றும்போது இந்த போல்ட்டைத் துடைக்காமல், முழுதாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். பத்து நிமிட வேலை. பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் ஆன செலவை இங்கே சொல்லப்போவதில்லை.

ஆக்ஸிலரேட்டர் பெடல்? கேபிளின் மேலுறை ஓரிடத்தில் இளகி உள்ளே ஒட்டிப்போயிருந்தது. எர்த் பட்டை வழியாகத் திரும்ப முடியாத கரண்ட், கிடைத்த உலோகத்தின் வழியாகத் திரும்பியிருக்கிறது, அதாவது அந்த மெல்லிய ஆக்ஸிலரேட்டர் கம்பி வழியாக. ஒவ்வொரு ‘டக்’குக்கும் அது சூடாகி உறையைக் கொஞ்சம் உருக்கியிருக்கிறது. கேபிளால் ஆக்ஸிலரேட்டர் இழுக்கும் பழைய வண்டிகளுக்கே உரிய அடையாளம் இது. பெடல் இறுகிய அன்றைக்கே வண்டி எனக்குப் பதிலைச் சொல்லிவிட்டது. நான்தான் எண்ணெய் விட்டு வாயை அடைத்துவிட்டேன்.

இதைப் பிறகு எனக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “தம்பி, வண்டி கெட்டா முதல்ல பார்ட்ஸைப் பார்க்காத. கடைசியா யார் கை வெச்சாங்க, எங்க வெச்சாங்கன்னு பாரு” என்றார். அன்றைக்கு ஒரு நோட்டு வாங்கினேன். தேதி, கிலோமீட்டர், யார் என்ன கழற்றினார்கள், வழியில் எதையெல்லாம் கழற்ற வேண்டியிருந்தது. இதில் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ‘கிளட்ச் மாற்றியது’ என்று மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. கிளட்ச் மாற்ற பேட்டரி தட்டு, எர்த் பட்டை, ஸ்டார்ட்டர், ஆக்ஸில், கியர் லிங்கேஜ் என்று ஏழெட்டு இடத்தில் கை போகிறது. அடுத்த தொல்லை அந்த ஏழெட்டில் ஒன்றிலிருந்து வரத்தான் வாய்ப்பு அதிகம்.

என் கையும் இதற்கு விலக்கில்லை. என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்டை மாற்றியது நானேதான். ரேடியேட்டர் அடி ஹோஸைக் கழற்றி வடித்து, கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, மூடி போட்டு, பெருமையோடு ஓட்டிப்போனேன். நாலு கிலோமீட்டரில் டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டியது. குளிருக்காக ஹீட்டரைப் போட்டிருந்தேன். அதிலிருந்து வந்ததோ குளிர்ந்த காற்று. இந்த இரண்டும் ஒன்றாக நடந்தால் யோசிக்க அதிகம் இல்லை. என்ஜின் கொதிக்கிறது, ஆனால் ஹீட்டர் குழாயில் சூடான தண்ணீர் இல்லை. ஒன்று கூலண்ட் குறைவு, அல்லது உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. எனக்கு இரண்டாவது. ஹீட்டரைத் திறந்துவைத்து, முன்பக்கத்தைச் சற்று மேட்டில் நிறுத்தி, மெதுவாக ஊற்றி, என்ஜினை ஓடவிட்டுக் குமிழி வருவது நிற்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதைப் படித்திருந்தேன். பொறுமைதான் இல்லை.

வழியில் நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் பானெட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்த ஒருவர் உதவுகிற எண்ணத்தோடு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். கத்திவிட்டேன். பாவம், நல்ல மனுஷர். ஆனால் அந்த மூடி உள்ளே ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தால்தான் கூலண்ட் 120 டிகிரிக்குப் பக்கத்தில்கூடக் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பதெல்லாம் அந்த நொடியே ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்த்து, அது தொளதொளவென்று ஆன பிறகுதான் திறக்கலாம்.

முள்ளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிறைய கார்களில் அந்த முள் உண்மையைச் சொல்வதில்லை. ஓட்டுகிறவர் பயப்படக்கூடாது என்று, வெப்பம் பத்திருபது டிகிரி ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்துவிடுகிறார்கள். அது நடுவைத் தாண்டுவதை நாம் பார்க்கும்போது ஏற்கெனவே நேரமாகிவிட்டது என்று பொருள். ‘வீடு பக்கம்தான்’ என்று ஓட்டியவர்கள்தான் அலுமினிய சிலிண்டர் ஹெட்டைக் கோணலாக்கிக்கொள்கிறார்கள். பழைய சின்ன காரில் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், போய்விட்டால் அதைச் சரிசெய்யும் செலவு வண்டி மதிப்பில் பாதியைக்கூடத் தொடலாம். நிறுத்த இடம் கிடைக்கும்வரை ஹீட்டரை முழுச் சூட்டில் ஓடவிடலாம். அது ஒரு குட்டி ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். காருக்குள் நாம் வேகலாம், என்ஜின் வேகக்கூடாது.

ஆயில் மூடியின் அடியில் வெள்ளையாகக் குழம்பு மாதிரி இருந்தால் கேஸ்கெட் போச்சு என்று அலறுகிறவர்கள் உண்டு. கிட்டக்கிட்ட ஓட்டங்களுக்கு மட்டும் பயன்படும் வண்டியில், என்ஜின் முழுசாகச் சூடாகாமல் உள்ளே ஈரம் தங்கி, அதுவும் அப்படித்தான் தெரியும். ஒரு நீண்ட ஓட்டம் போய்வந்தால் மறைந்துவிடும். ஆயில் ஸ்டிக்கிலும் அதே குழம்பு, கூலண்ட் காரணமில்லாமல் குறைகிறது, சைலன்சரில் விடாமல் வெண்புகை என்று மூன்றும் சேர்ந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

அடுத்தது எனக்கே பிடித்த கதை. ஏனென்றால் இதில் நான் ஒரு பாகத்தைக்கூட வீணாக வாங்கவில்லை.

நாற்பது நிமிடம் ஓடிய பிறகு வண்டி நிற்கும். இழுக்காது, மிஸ்ஸிங் அடிக்காது. ஸ்விட்சை அணைத்தது மாதிரி நிற்கும். செல்ஃப் நன்றாகச் சுற்றும், பிடிக்காது. அரைமணி நேரம் கழித்து ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் முன்னால் நிற்கவே நிற்காது. கேட்டவர்கள் எல்லோரும் பெட்ரோல் பம்ப் என்றார்கள். நியாயமான சந்தேகம்தான், பம்பும் சூட்டில் அப்படிச் செய்யும். ஆனால் பேட்டரி வாங்கிய அனுபவம் இருக்கிறதே.

பெட்ரோல் என்ஜின் ஓட வேண்டுமானால் பெட்ரோல் வர வேண்டும், பொறி வர வேண்டும், சிலிண்டரில் அமுக்கம் இருக்க வேண்டும், மூன்றும் சரியான நேரத்தில். ஆறினால் ஓடுகிற வண்டியில் அமுக்கத்தைச் சந்தேகிக்கத் தேவையில்லை. மிச்சம் இரண்டு. எதில் குறை என்று பார்க்க, நின்ற அந்த அரைமணி நேரம்தான் நமக்குக் கிடைக்கிற சந்தர்ப்பம். அதில் திட்டிக்கொண்டிருந்தால் தடயம் ஆறிவிடும். அதனால் டூல்ஸ் பையைக் காரிலேயே வைத்துக்கொண்டு, நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றது. சாவியை ஆன் வரை திருப்பிப் பின்சீட்டுப் பக்கம் காது வைத்தேன். பம்ப் இரண்டு நொடி ‘ஊம்’ என்று பாடி நின்றது. சரி, அது உயிரோடு இருக்கிறது. பிளக் வயருக்கு நடுவே மாட்டுகிற பொறி பார்க்கும் விளக்கை மாட்டிச் சுற்றினேன். நாலு சிலிண்டரில் ஒன்றில்கூட மின்னவில்லை. நாலு பிளக்கும் ஒரே நொடியில் கெட வழியில்லை. அப்படியானால் பொறியை விடச் சொல்ல வேண்டியவன் சொல்லவில்லை.

இன்னொரு தடவை சுற்றும்போது, என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுகிற ஆர்பிஎம் முள்ளைப் பார்த்தேன். செல்ஃப் சுற்றும்போது பல கார்களில் அது இருநூறு முந்நூறுக்குக் கொஞ்சம் எழும்பும். என் வண்டியிலும் எழும்பும் என்பது எனக்குத் தெரியும், காலையில்தான் பார்த்திருந்தேன். இப்போது பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. என்ஜின் சுற்றுகிறது என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. தெரிவிக்க வேண்டியது கிராங்க் சென்சார். கட்டைவிரல் அளவில் ஒரு கம்பிச்சுருள். உள்ளே மயிரிழைக் கம்பி. வயதானால் அதில் நுண்ணிய வெடிப்பு விழும். சூட்டில் கம்பி விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கிற எந்த ஸ்கேனரிலும் ‘கோடு’, அதாவது பிழை எண், பதியாமல் போகவும் இடமுண்டு.

சாவியை அணைத்து, கையில் எடுத்துக்கொண்டு, குடிதண்ணீரில் கைக்குட்டையை நனைத்து அந்தச் சென்சார் மேல் போர்த்தினேன். லேசாகப் புகைந்தது. மூன்று நிமிடம் கழித்துத் துணியை எடுத்துவிட்டுச் சாவி போட்டேன். பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து மீட்டரை வைத்து உறுதிசெய்துகொண்டேன்: ஆறியிருக்கும்போது சில நூறு ஓம், ஹேர் டிரையரால் சூடேற்றினால் எல்லையில்லாத தடை. இந்த எண் காருக்குக் கார் மாறும், சென்சார் வகையைப் பொறுத்தும் மாறும். ஆனால் சூட்டில் தொடர்பு அறுந்து, ஆறினால் திரும்ப வருவது எந்த வண்டியிலும் கோளாறுதான். ஒரு போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான் மாற்றுகிற வேலை.

ஸ்கேனர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இன்று உள்ளங்கை அளவு புளூடூத் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு யாரும் கோடு படிக்கலாம். எஞ்சின் விளக்கு எரிகிறது, பி0171 என்று வருகிறது, ‘கலவையில் பெட்ரோல் குறைவு’ என்கிறது. உடனே, புகையில் இருக்கும் ஆக்ஸிஜனை அளக்கிற ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். அந்தச் சென்சார் தான் பார்த்ததைச் சொன்ன பாவத்துக்குத் தண்டனை. பழைய வண்டியில் இந்தக் கோடுக்கு நான் முதலில் பார்ப்பது ரப்பர் குழாய்களைத்தான். இன்டேக் பக்கம் இருக்கும் முழங்கை வடிவக் குழாய் வளைவின் அடியில் கீறிப்போயிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, விரலை அடியில் விட்டு அமுக்கினால் வாய் பிளக்கும். அந்தக் கீறல் வழியாக அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. ஐடிலிங்கில் வண்டி தள்ளாடும், வேகமெடுத்தால் சரியாகிவிடும், ஏனென்றால் அப்போது உள்ளே போகிற மொத்தக் காற்றில் இந்தத் திருட்டுக் காற்று ஒரு பொருட்டே இல்லை. பி0301 வந்தால் அது முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலை வாங்கப் போகுமுன் முதல் சிலிண்டர் காயிலை மூன்றாவதில் மாற்றி மாட்டிப் பார்ப்பது இலவசம். கோடும் கூடவே 0303-க்கு நகர்ந்தால் காயில்தான். நகரவில்லையென்றால் பிளக்கையும் அப்படியே மாற்றிப் பார்க்கலாம், அப்புறம் இன்ஜெக்டர்.

சத்தங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது. எனக்கு உதவியவை மட்டும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது ‘டக டக டக’ என்றால் ஆக்ஸிலின் வெளி மூட்டு. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் புகுந்து நாளாகியிருக்கும். பூட் கிழிந்த அன்றே பார்த்திருந்தால் பூட்டும் கிரீஸும் மட்டும்தான் செலவு. சின்னப் பள்ளங்களில் ‘கொட் கொட்’ என்றால் சஸ்பென்ஷனில் முதலில் லிங்க் ராட், அப்புறம் லோயர் ஆர்ம் புஷ். வேகத்தோடு ஏறுகிற ரீங்காரம் டயராகவும் இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம், பாரம் அந்தப் பக்கம் சாய்வதால். டயர் என்றதும் நினைவுக்கு வருகிறது, பழைய கார் வாங்குகிறவர்கள் டயர் பட்டனை, அதாவது தரையில் படுகிற ரப்பர் கட்டைகளை, மட்டும் பார்க்கிறார்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் புதிதுபோல இருந்தாலும் அந்த ரப்பர் காய்ந்துபோயிருக்கும். ஸ்டெப்னியில் இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். என்னுடையது வண்டியோடு பிறந்தது.

நான் கை வைக்காதவையும் உண்டு. ஜாக்கி மட்டும் தாங்குகிற வண்டிக்கு அடியில் தலையைக்கூட நீட்டுவதில்லை, ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றுகிற வேலை, ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர், டைமிங் பெல்ட் எல்லாம் கைதேர்ந்தவர்களுக்கு. அதிலும் பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட்டுகிற டைமிங் பெல்ட்டுக்குப் பெரும்பாலும் சத்தம், அறிகுறி எதுவும் இருக்காது. பல என்ஜின்களில் அது அறுந்த நொடியில் பிஸ்டன் வால்வில் மோதி எல்லாவற்றையும் வளைத்துவிடும். முந்தைய ஓனர் மாற்றியதற்குச் சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நான் வண்டி வாங்கிய வாரமே ஆளை வைத்துச் செய்த ஒரே பெரிய வேலை அதுதான், வாட்டர் பம்பையும் சேர்த்து. பிரேக் ஆயிலும் அதே வாரம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் தரவரம்பே 155 தான். நீண்ட இறக்கத்தில் அந்த வித்தியாசம் காலடியில் பெடல் பஞ்சாகப் போவதில் தெரியும். பாட்டிலில் நிறம் பார்த்துத் திருப்திப்படுகிற விஷயமில்லை அது.

துரு விஷயத்தில் மட்டும் நான் சோம்பேறி. கதவின் கீழ் விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், கண்ணாடி வழியே இறங்குகிற தண்ணீர் வெளியேற. அவை மண்ணால் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்து அழுகும். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் குத்தினால் போதும். நான் குத்தாத ஒரு கதவு, பின்னால் இடது, இப்போது மூடும்போது செம்பொடி உதிர்கிறது.

போன வாரம் புதிதாக ஒன்று. ரிவர்ஸில் எடுக்கும்போது மட்டும், முன்னால் வலப்பக்கம், தகரத்தைத் தகரத்தில் உரசுவதுபோல ஒரு ‘கிரீச்’. முன்னோக்கிப் போனால் இல்லை. பிரேக் தொட்டால் போய்விடுகிறது. பிரேக் பேடு தேய்ந்திருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நோட்டைப் பிரித்தேன். பத்து நாளைக்கு முன்னால் பஞ்சர் ஒட்ட அந்தச் சக்கரத்தைத்தான் கழற்றியிருக்கிறார்கள். டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு, ஒரு கை பட்டாலே வளையும். ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்ற வேண்டும். தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிட்டேன், எதிரே ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறேன்.